நான்கு கால் கேட்டேன்

லெக்னிட்சா நகருக்கு வெளியே
கிடங்கில் எனக்கு வேலை.
ஒரு ஷிப்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு பெட்டி.
பெட்டிமேல் நாற்காலியின் படம்.
உள்ளே பலகைகள், ஒரு பொட்டலம் திருகாணி,
வளைந்த சாவி ஒன்று.
முழு நாற்காலியை நான் அங்கே பார்த்ததே இல்லை.

என் சமையலறையிலும் அதுதான் இருந்தது,
ஊழியர் தள்ளுபடியில் வாங்கியது.
ஆடும்.
ஒரு காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்திருந்தேன்.
அட்டையும் எங்கள் கிடங்குதான்.
இரண்டாவது குளிர்காலத்தில் முதுகு கழன்றது.
மூன்றாவதில்
பீட்ரூட் சூப்போடு நான் விழுந்தேன்.
சுவரில் அந்தச் சிவப்பு இன்னும் இருக்கிறது.

லுபோமிரின் பட்டறை ரயில் பாலத்துக்குக் கீழே.
சரக்கு வண்டி போகும்போது
பேச்சை நிறுத்திவிட்டு, போனதும்
விட்ட சொல்லிலிருந்து தொடர்வான்.
முப்பது வயது இருக்கும், வாய் கொஞ்சம் நீளம்.
முக்காலி ஒன்றைக் காட்டினான்.
நான்கு கால் வேண்டும் என்றேன்.
மூன்று எனக்கு
யாரோ பாதியில் எழுந்துபோனதுபோல் பட்டது.
விலை சொன்னான்.
மனதுக்குள் பெட்டிகளாக மாற்றிப் பார்த்தேன்:
ஆயிரத்து இருநூற்று முப்பத்தாறு.
மூன்று ஷிப்ட்.

"அந்தக் காசுக்கு ஆறு நாற்காலி வரும்" என்றாள் அக்கா ஹலின்கா.
"நான்கில் உட்காரு, இரண்டை எரித்துக் குளிர் காய்."
கணக்கில் அவளை ஒருநாளும் வென்றதில்லை.
அழகு, மரத்தின் வாசனை என்றெல்லாம் சொல்ல
எனக்குக் கூச்சம்.
ஒன்று மட்டும் சொன்னேன்:
திட்ட வேண்டுமென்றால்
எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

தட்டவும் நேர்ந்தது.
வந்த அன்றே ஆடியது.
மூன்று ஷிப்டையும் தலைகீழாய்த் தூக்கிக்கொண்டு
பேருந்தில் போனேன்.
கால்கள் மேலே நீட்டியிருக்க
ஒரு பெரியவர் தொப்பியை ஒன்றில் மாட்டப் பார்த்தார்.
லுபோமிர் பேசவில்லை.
இரும்பு மேசைமேல் வைத்தான்.
மேலே வண்டி ஓடியது, பாலமே அதிர்ந்தது,
ஸ்டூல் இம்மியும் அசையவில்லை.
"ஆடுவது இது இல்லை, உன் வீடு" என்றான்.

ஞாயிறன்று ரசமட்டத்தோடு வந்தான்.
குமிழி ஜன்னல் பக்கமாக ஓடியது.
எழுபதுகளில் சிமெண்ட் பலகைகளை
அவசரமாய் அடுக்கிய கட்டடம்;
பெட்டி அடுக்குகிறவளுக்கு
அது புரியாமல் இருந்திருக்கக் கூடாது.
பதினோரு வருடமாய்ச் சரிவில் நின்று
முட்டை பொரித்திருக்கிறேன்.
"முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நீதான் நான்கு கேட்டாய்.
சரி, எங்கே உட்காருவாய்?"
காட்டினேன்.
அங்கேயே மண்டியிட்டு
பென்சிலால் ஒரு காலில் கோடு கிழித்து, அறுத்து,
நிறுத்திப் பார்த்து, மறுபடி இழைத்தான்.
போனது நான்கு மில்லிமீட்டர்.
காசு வாங்கவில்லை.
முட்டைக்கோஸ் பியரோகி பதினெட்டு தின்றான்.
அவன் போட்டிருந்த ஜாக்கெட் எங்கள் சரக்கு,
ஏழாம் வரிசை.
ஜிப் பிய்ந்து ஊக்கு குத்தியிருந்தது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது அந்த ஸ்டூல்
கூடத்துக்குப் போனால் ஆடுகிறது.
அக்கா வீட்டில் ஆடும், பட்டறையிலும் இனி ஆடும்.
உலகத்தில் அது அசையாமல் நிற்பது
என் ஜன்னலோரம் ஒரு முழ இடத்தில்.
வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால்
என்ன செய்வேனோ, தெரியவில்லை.
ஹலின்கா உட்கார்ந்து பார்த்து
"கெட்டியாய் இருக்கிறது, வலிக்கிறது" என்றாள்.
வலிக்கத்தான் செய்கிறது.
பழைய போர்வையை மடித்துப் போட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை.
இருநூற்று ஆறாவது பெட்டி.
எந்த ஊருக்கோ, யார் வீட்டுச் சரிவுக்கோ.
ஒரு துண்டு அட்டையை எடுத்து
நான்காய் மடித்து
சாவிக்குப் பக்கத்தில் செருகினேன்.
கையில் கட்டிய ஸ்கேனர் கீச்சிட்டது:
ஏழு நொடி தாமதம்.